நூற்றுப் பன்னிரண்டு

"ஏறிருச்சு பிரியா! நூத்திப் பன்னெண்டு!"

போனைத் தூக்கிப் பிடித்தபடி கோழிப்பண்ணையிலிருந்து ஓடிவந்தான் கணவன் நவநீதகிருஷ்ணன். கட்டிலில் இருந்த தனப்பிரியா காலைக் கீழே இறக்கினாள். வீங்கிய விரலில் மெட்டி புதைந்துகிடந்தது. எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்பதை மறந்தவள்போல மறுபடி உட்கார்ந்தாள்.

ஏழாம் மாதம். போன வாரம் ராசிபுரத்தில் எடுத்த ரத்தத்தில் எண்பத்து நான்கு வந்திருந்தது. "நூறாச்சும் இருக்கணும்மா" என்று முகம் சுருக்கிய டாக்டரம்மா, பிரஷர் ஏறி வலிப்புவரை போகிற கோளாறு வருமோ என்று பார்க்க, சேலத்து லேபுக்கு இன்னொரு டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். ரிப்போர்ட் வந்ததும் நேரில் வரச் சொல்லியிருந்தார்.

"இப்பவே போயிக் காட்டிரலாங்க மாமா."

"நூறத்தான் தாண்டிருச்சல்ல? நாளைக்குக் காட்டிக்கலாம்."

நாற்பதாயிரம் கோழி வைத்திருப்பவன். தடுப்பூசி போட்டதும் கோழி ரத்தத்தை லேபுக்கு அனுப்புவான். எண் ஏறிவந்தால் ஊசி பிடித்துவிட்டதென்று அர்த்தம். ஏறிய எண்ணுக்காக அவன் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

"என்னையக் கோழின்னு நெனச்சீங்களா?"

"கோழின்னா இத்தன கேள்வி கேக்காது."

மாமியார் சௌந்திரம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லபடியா வந்துருச்சுங்கறானே சாமி, அப்பறமென்ன? கட்டுச்சோத்தோட உங்க ஊட்டுல பொறப்பட்டாச்சாம். பொடவையக் கட்டு."

கட்டுச்சோறு கொண்டுவருபவர்கள் இன்றே அவளை ஜலகண்டாபுரத்துக்குப் பிறந்தவீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அங்கே போனபின் யார் டாக்டரைப் பார்ப்பது, யார் பேப்பரைப் பார்ப்பது? காலையிலிருந்து பின்னந்தலை தெறிக்கிறது. ஜன்னல் கம்பிகள் நெளிகின்றன. தூங்காததுக்குத்தான் என்கிறார்கள். நல்ல எண் வந்தபிறகு உடம்பு மட்டும் ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது?

பழைய பேப்பரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதில் எண்ணுக்குப் பின்னால் ஏதோ அளவு இருந்தது. புதியதில் வெறும் எண். மேலே போட்டிருந்த பெயரும் வேறு. லேபுக்குப் போன் அடித்தாள்.

"ரெண்டும் ஒரே டெஸ்ட் இல்லீங்க," என்றாள் அங்கிருந்த பெண். "மொதல்ல பாத்தது நஞ்சுக்கொடில இருந்து வர்ற நல்ல புரதத்த மட்டும். அது கொறஞ்சா பயம். இது கெட்டத நல்லதால வகுத்த கணக்கு. இது ஏறுனாத்தாங்க பயம். முப்பத்தெட்டுக்குள்ள இருக்கோணும். டாக்டரப் பாத்தீங்களா இல்லீங்களா?"

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வண்டிய எடுங்க. இந்த டெஸ்டுல எண்ணு ஏறக்கூடாதாமா."

"சொந்தபந்தமெல்லாம் வர்ற நேரத்துல..." என்று தொடங்கிய சௌந்திரம், வெளிச்சத்தில் மருமகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே மாவாக உப்பியிருந்தது. "போடா, நிக்காத," என்றாள் மகனிடம். அவன் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே எண்தான்.

செருப்பு காலில் நுழையவில்லை. வெறுங்காலோடு ஏறினாள்.

தென்னந்தோப்பு நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற தடம். பாதியில் எதிரே அப்பாவின் கார் வந்து நின்றது. முன்சீட்டில் அம்மா, மடியில் தூக்குப்போசி, தலைநிறையப் பூ. மகளைக் கண்டதும் சிரித்தாள். பிறகு, என்ன என்று கையை விரித்தாள். நவநீதகிருஷ்ணன் தலையை வெளியே நீட்டி, "பின்னால எடுங்க மாமா, பின்னால!" என்று கத்தினான்.

காரணம் தெரியாமலே அந்தக் கார் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. புழுதிக்குள், விரித்த கையை மடக்காமல், அம்மா போய்க்கொண்டே இருந்தாள்.