பதினெட்டாவது குழியில் கழற்றும் தொப்பி

1.

என் மனைவி எல்ஸ்பெத் பெட்டி கட்டியதால் வந்த கதை இது. இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஃபைஃப் கடற்கரையில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில், முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தருகே ஒரு மரக்குடில் இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஆட வருகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது என் வேலை. இருபத்தாறு வருடமாகத் தொடக்கம்தான் என் பிழைப்பு. எழுத்திலும் அப்படியே. இதுவரை பதினான்கு கதைகளைத் தொடங்கியிருக்கிறேன். [முடித்தது எத்தனை என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2.

முதல் தொடக்கம்: கடலிலிருந்து மூடுபனி எழுந்து

வேண்டாம். இந்த ஊரில் பேனா பிடிக்கிற எல்லோரும் மூடுபனியைத்தான் எழுப்புகிறார்கள்.

இரண்டாவது: மர்டோ பந்தை அடிக்கும் முன் இடது ஷூவை மட்டையால் இரண்டு முறை தட்டுவான். தேவாலயக் கூரையைப் பார்ப்பான். மூச்சை விடுவான். பிறகுதான் அடிப்பான். பதினெட்டாவது குழியில் ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, எதிராளியின் கையைக் குலுக்கி, கண்ணைப் பார்த்து, "நல்ல ஆட்டம், நன்றி" என்பான். மழை கொட்டினாலும் தோற்றுப்போனாலும் இதில் குறை வைக்கமாட்டான். வீட்டிலும் காலையை முறையாகத்தான் தொடங்குவான். நின்றுகொண்டே ஓட்ஸ் கஞ்சி, வாசலில் ஷூவுக்கு இரண்டு தட்டு. சாயங்காலம் மட்டும் தொப்பியோடு நாற்காலியில் தூங்கிப்போவான்.

மர்டோ முழுக்க முழுக்க என் கற்பனை.

3.

செவ்வாய்க்கிழமை காலை எல்ஸ்பெத் அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

"யாரு இந்த மர்டோ?"

"சும்மா, கற்பனை."

"உன் கற்பனை நின்னுக்கிட்டே கஞ்சி குடிக்குதா?"

"ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் குடிக்கிறாங்க."

"வாசல்ல ஷூவைத் தட்டிட்டுப் போறவன் எத்தனை பேரு, சொல்லு மனுஷா."

கஞ்சியில் உப்பு பார்த்தேன்.

"உன்னோட கோல்ஃப் ஆட வர்ற அந்த கில்லிஸ் கிழவன், அடிச்ச அடியோட கணக்கைக் குறைச்சுச் சொல்லி ஏமாத்துறான்னு ஊருக்கே தெரியும். அவனுக்கு வாரம் மூணு தடவை தொப்பியைக் கழட்டி நன்றி சொல்றே. நான் முப்பத்தெட்டு வருஷமா உன்கூட ஆடுறேன். ஒரு சாயங்காலமாவது எனக்குச் சொல்லியிருக்கியா?"

வாயைத் திறந்தேன். "டீ இன்னும் இருக்கா?" என்றுதான் வந்தது.

அவள் பக்கத்தை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டி கட்டப் போய்விட்டாள். இன்வர்னஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, வியாழன் காலை பதினொன்று பத்து பஸ். திரும்பி வரும் நாளை அவள் சொல்லவில்லை, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. [சொல்லிவிடுகிறேன்: பயமாக இருக்கிறது.]

4.

இன்று வியாழன். மணி பத்து ஐம்பது. பதினெட்டாவது குழிக்கு அந்தப் பக்கம்தான் பஸ் நிறுத்தம். குடிலின் ஜன்னலில் பார்த்தால் அவளுடைய நீலக் கழுத்துத்துணி தெரிகிறது. முடிவுகளைப் பார்ப்போம்.

அ) பஸ் வழியில் நின்றுபோகிறது. (சோம்பேறி எழுதுகிற முடிவு.)

ஆ) அவள் போய்விடுகிறாள். மறுநாள் மர்டோ மறதியாக இரண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சுகிறான். (எழுதும்போதே அழுகை வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.)

இ) மர்டோ எழுந்து, குடிலைப் பூட்டிவிட்டு, ஓடிப்போய் அவள் முன்னால்

இதற்கு மேல் பேனா நகரவில்லை. பசிதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாண்ட்விச் டப்பாவைத் திறந்தேன். இன்றைக்கும் கட்டி வைத்திருக்கிறாள்.

5.

ரொட்டிக்கு அடியில் அந்தப் பக்கம், மடித்தபடி. 'மர்டோ' வந்த இடமெல்லாம் அடித்து என் பெயரை எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி:

"இதுக்கு முடிவு எழுதாதே. வந்து செய்."

ஆகவே வாசகரே, இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. மணி பதினொன்று மூன்று. ஷூவைத் தட்ட நேரமில்லை, தொப்பியை இப்போதே கையில் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தேனா, அவள் கையை நீட்டினாளா என்பதை ஜன்னல் வழியாக நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை குடில் உங்கள் பொறுப்பு. பெயர்ப் பட்டியல் மேசைமேல் இருக்கிறது. அடுத்தது கில்லிஸ். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள், அவருக்குக் காது மந்தம்.