தாம்பூலம் வைத்து எடுத்த படம்

1937-ம் வருசம் தை மாசம் ஜவ்வாது மலைமேல் செல்வநாதன் எடுத்த கல்யாணப் படத்துக்கு முந்நூறு பேர் நின்றார்கள். மெட்ராசில் பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அதில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பந்தல் இருந்தது. மாலை ரெண்டும் அந்தரத்தில் தொங்கின. சாமைச் சோற்றுப் பானை தானாக நகர்ந்து போய் இலை இலையாகச் சோறு கொட்டியது. மேளம் கை படாமல் அதிர்ந்தது. ரெண்டு ஆடும் ஒரு நாயும் முடி எண்ணுகிற மாதிரி தெளிவாக விழுந்திருந்தன. நடுவில் தீர்த்தகிரி மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, இடுப்பைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளைத் தோழனும் இல்லை. பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தவன்.

செல்வநாதனுக்கு ஊர் மலையடிவாரத்துச் சந்தவாசல். மாதா கோயில் சாமியார் ஊர் ஊராகப் போய்ச் சுவரில் லாந்தர் படம் காட்டுவார். அதற்குப் படம் எழுதின கண்ணாடிச் சில்லு மாற்றிக் கொடுக்கிற வேலை இவனுக்கு. சில்லு மாற்றியவனுக்குச் சினிமா எடுக்கிற கிறுக்கு பிடித்தது. மெட்ராசில் பேசும் படம் வந்ததும் பேசாத படம் எடுத்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி மூடின ஒரு கம்பெனியில், கையால் சுற்றுகிற காமிராவைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒரு தகரம் மலைத்தேனைக் கொடுத்து அதை வாங்கி வந்தான். கம்பெனிக்காரன்தான் பிழைக்கத் தெரிந்தவன் என்று அவன் பெண்சாதி பிலோமினாள் சொன்னாள். அந்தத் தெருவில் அதை மறுத்துப் பேச ஆளில்லை.

ராஜா ராணி கதை எடுக்க அவனிடம் கிரீடம் கிடையாது. மலை ஜனங்களின் கல்யாணத்தை எடுத்தால் கிரீடம் வேண்டாம், பாட்டு வேண்டாம், பட்டணத்துக்காரன் பார்த்திராத சங்கதியாகவும் இருக்கும் என்று கணக்குப் போட்டான். நிஜக் கல்யாணத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ரெண்டு பேரை மாப்பிள்ளை பெண்ணாக உட்கார வைத்து, எல்லாரும் வாங்கோ என்று தமுக்கு அடித்துவிட்டான். ஜனம் சிரித்துக்கொண்டு வந்தது, தின்றது, போனது. பிலிமில் ஒட்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மெட்ராசில் இதைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ முதலாளி செல்வநாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆளை மறைக்கிற தந்திரம் தெரிந்தவன் கிடைத்துவிட்டான், இனி தேவலோகக் காட்சியெல்லாம் இவன் கையில்தான் என்று தனி அறை கொடுத்தார். மூன்று நாள் செல்வநாதன் காமிராவைச் சுற்றினான். மெட்ராஸ்காரர்கள் எல்லாரும் பிலிமில் விழுந்தார்கள். முன்னால் நின்றவன் விழுந்தான், பின்னால் டீ கொண்டு போனவன் விழுந்தான், சம்பந்தமே இல்லாமல் எட்டிப் பார்த்த கணக்கப்பிள்ளையும் விழுந்தார். அவர்களுக்கு அந்த ரோஷம் கிடையாது. யாரும் கூப்பிடாமலே விழுகிற ஜாதி. நாலாம் நாள் செல்வநாதனை வெளியே அனுப்பினார்கள்.

பிலிம் சுருளைத் தூக்கிக்கொண்டு அவன் மறுபடி மலை ஏறி, ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினான். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. சோறு நன்றாக வெந்திருக்கிறது என்று மட்டும் ஒரு பெண்பிள்ளை சொன்னாள்.

"கல்யாணம்னா வூட்டுக்கு வூடு வந்து வெத்தல பாக்கு வெக்கணும் படக்காரரே," என்றார் ராஜாக்கண்ணு. "நீ தமுக்கு அடிச்சிட்டுப் போய்ட்ட. நாங்க வேடிக்க பாக்க வந்தோம். கல்யாணத்துக்கு வரல."

"அப்ப தீர்த்தகிரி இன்னா?"

"மொத நாளு வழி கேக்கறப்ப அவனுக்கு ஒரு வெத்தல மடிச்சிக் குட்த்தியாமே. அவன் வந்தான்."

செல்வநாதனுக்கு அன்றைக்கே வெற்றிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் போல இருந்தது. ஆனால் கையில் ஒரு முழம் பிலிம் இல்லை. அந்த ஒரு முழத்துக்கு எட்டு வருசம் ஆயிற்று.

முதலாளிகளைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை என்பதைத் தனி அறையில் இருந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டிருந்தான். அதனால் காவல்காரர்களைப் பார்த்தான். காமிராவுக்குக் குடை பிடிக்கிறவன், பிலிம் கழுவுகிற இருட்டறைக்காரன், நடிகைக்கு மோர் கொடுக்கிறவள், இவர்களைப் பார்த்தான். மாசத்துக்கு ஒரு தரம் ரயிலேறிப் போய், ஒருத்தருக்குப் புளி, ஒருத்தருக்குக் கடுக்காய், மூலக்காரனுக்குத் தேன் என்று கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். யார் வீட்டில் காதுகுத்து, யார் பெண் வாந்தி எடுக்கிறாள் எல்லாம் அவனுக்குத் தெரியும். பதிலுக்கு அவர்கள் காட்சி எடுத்து மிச்சமான துண்டுப் பிலிமை மடியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பத்தடி, பன்னிரண்டடி. ஒரு தரம் ஒரு ராஜா வசனம் மறந்து எழுந்து போய்விட்டதால் ஐம்பதடி. சண்டைக்காலத்தில் அரிசி மாதிரி பிலிமுக்கும் அளவு வந்தபோது துண்டும் அகப்படாமல் போயிற்று. அப்போதும் அவன் போவதை நிறுத்தவில்லை. ரெண்டு வருசம் சும்மா போய் நலம் விசாரித்துவிட்டு வந்தான். பிலோமினாளின் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் பிலிம் டப்பா ஏறிக்கொண்டே வந்தது. கோயிலுக்கு அவள் அந்தப் புடவையைக் கட்டிப் போனால் மருந்து நாற்றம் அடிக்கும். பக்கத்தில் இருக்கிறவள் முழங்காலோடு நகர்ந்து கொள்வாள்.

1945 கடைசியில் துண்டெல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு ஆயிற்று. ஒரே படத்துக்கு. இந்தத் தரமும் ஆள் விழவில்லை என்றால் இன்னொரு எட்டு வருசம் கேட்டில் உட்கார அவனுக்கு முட்டி இல்லை. சாமியார் வேறு ஆளை வைத்துக்கொண்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வெற்றிலைக் கட்டோடு போய் நின்றவனை ராஜாக்கண்ணு ஏற இறங்கப் பார்த்தார். பொய்க் கல்யாணத்துக்கு எவனும் வெற்றிலை வாங்க மாட்டான் என்றார். அப்போதுதான் அந்தப் பக்கம் கட்டையில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரி வாய் திறந்தான். எனக்கும் திரௌபதிக்கும் இன்னும் ஆகவில்லையே என்றான். அந்த மலையில் ஒன்றாகக் குடித்தனம் போய்விட்டுக் கல்யாணத்தை வசதிப்பட்டபோது வைத்துக்கொள்வதுண்டு. தீர்த்தகிரிக்குப் பதினெட்டு வருசமாக வசதிப்படவில்லை. அவன் மகள் செந்தாமரைக்கு மாப்பிள்ளை வந்து காத்திருந்தான். அப்பன் ஆத்தாளுக்குத் தாலி ஏறாமல் மகளுக்கு ஏறக்கூடாது என்பது அவர்கள் முறை. ராஜாக்கண்ணு சரி என்றார். அழைக்கப் போகிறவன் புருசன் பெண்சாதியாகப் போக வேண்டும், ஒண்டியாகப் போனால் செல்லாது என்று மட்டும் சொல்லி ஒரு முடிச்சுப் போட்டார்.

செல்வநாதன் வீட்டுக்கு வந்து சொன்னபோது பிலோமினாள் முறத்தை நிறுத்தவில்லை. "நம்ம கல்யாணத்துக்கே எங்க ஊர்ல பாதிப் பேருக்கு நீங்க சொல்லல. இப்ப எவன் கல்யாணத்துக்கோ நான் மல ஏறணுமா?" என்றாள். மறுநாள் செருப்பை வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இருபத்தேழு நாள், நாற்பத்தோரு ஊர். வெற்றிலை மலைமேல் விளையாது. அடிவாரத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். செல்வநாதன் ஒவ்வொரு வீட்டிலும் சினிமாவைப் பற்றி ஆரம்பிப்பான். பிலோமினாள் அவனைப் பின்னால் தள்ளிவிட்டு, மாடு கன்று போட்டதா, புளி எப்படிக் காய்த்தது என்று கேட்டு, தட்டை நீட்டுவாள். பத்து நாளில் அவளைத் தேடி ஆள் வந்தது, எங்கள் ஊருக்கு எப்போது வருகிறாள் என்று.

அதில் ஒரு தப்பு நடந்தது. ஒரு ஊருக்கு வெளியே பாறை ஓரம் தனியாக ஒரு குடிசை. அதில் மங்கம்மாள் இருந்தாள். ஒரு பலாமரத்துக்காக அவள் ராஜாக்கண்ணுவைப் பஞ்சாயத்தில் திருடன் என்று சொல்லி, ஊர் அவளை ஒதுக்கி வைத்துப் பதினோரு வருசம் ஆகியிருந்தது. மரத்தை யார் நட்டது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒதுக்கி வைத்தவருக்கு வெற்றிலை கிடையாது, நெருப்புக்கூட கிடையாது. பிலோமினாளுக்கு இது தெரியாது. குடிசையைப் பார்த்தாள், தட்டை நீட்டினாள். மங்கம்மாள் கையைப் புடவையில் ரெண்டு தரம் துடைத்தாள்.

"தெரிஞ்சிதான் குடுக்கிறியாம்மா?"

"கல்யாணத்துக்கு வாங்கக்கா. வெள்ளிக்கெழம. சாப்பாடு இருக்கு."

"வர்றேன்," என்றாள் மங்கம்மாள்.

ராஜாக்கண்ணு குதித்தார். ஆனால் கொடுத்த வெற்றிலையைத் திரும்ப வாங்க வழியில்லை. அந்தக் கஷ்டம் அவருக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் கண்டு மங்கம்மாள் செத்துப்போனாள். தூக்க ஆள் வராமல், தீர்த்தகிரியும் செல்வநாதனும் புதைத்துவிட்டு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை திரௌபதி கழுத்தில் தாலி ஏறியது. செல்வநாதன் கைவலிக்கச் சுற்றினான். டப்பாவைத் தலைக்கு வைத்துக்கொண்டே மெட்ராஸ் போனான். இருட்டறைக்காரன் வெளியே வந்து, அண்ணே, கூட்டம் தாங்கலை என்றான். எல்லாரும் விழுந்திருந்தார்கள். முதல் வரிசையில், ராஜாக்கண்ணுவுக்குத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வர்றேன் என்று சொன்னாள், வந்திருந்தாள்.

பேசாத படத்தை எடுத்துக்கொள்ள மெட்ராசில் எவனும் இல்லை. ஒரு காவல்காரனுடைய மச்சினன் மூலமாகத் திருப்பத்தூரில் டென்ட் கொட்டகை வைத்திருந்த கோபால்சாமி, ஒரே ஒரு ஆட்டம் தருகிறேன் என்றார். பிலோமினாள் திரைக்குப் பக்கத்தில் நின்று யார் யார் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, தாலி கட்டும்போது மூக்கைச் சிந்தியது. படம் முடிந்தது, மிஷினை நிறுத்தினார்கள், விளக்கு போட்டார்கள். திரையில் கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கோபால்சாமி திரையை அடித்துத் துவைத்தார். போகவில்லை. மறுநாள் ஒரு புராணப் படம். அரண்மனையில் ராஜா நடந்து வந்தால் காலடியில் இருநூறு மலை ஜனம் சப்பணம் போட்டுச் சோற்றுக்கு இலை பார்த்துக்கொண்டிருக்கிறது. நாட்டியக்காரி ஆடினால் தீர்த்தகிரி கழுத்தை நீட்டுகிறான். படத்தை அனுப்பிய கம்பெனி தந்தி அடித்தது. கூட்டம் திரையில் இருந்த எட்டு நாளும் மலைமேல் ஒருத்தரும் கொல்லை வேலைக்குப் போகவில்லை, கால் எழும்பவில்லை என்றார்கள். இவர்களைக் கிளப்பாவிட்டால் வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு கொட்டகை விடாமல் சொல்லிவைக்கிறேன், உன் பிலிமை எவனும் தொட மாட்டான் என்று கோபால்சாமி செல்வநாதனுக்கு ஆள் அனுப்பினார்.

செல்வநாதன் காமிராவைக் கழற்றிப் பார்த்தான். பிலிமை முகர்ந்து பார்த்தான். பிலோமினாள்தான் கேட்டாள்.

"வர வெச்சீங்க, சோறு போட்டீங்க. போய்ட்டு வாங்கன்னு வெத்தல குட்த்தீங்களா?"

கொடுக்கவில்லை. பிலிம் தீர்ந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி ஓடியவன் அவன்.

ரெண்டு பேரும் திருப்பத்தூருக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் திரைக்கு முன்னால் நின்றார்கள். ராஜாக்கண்ணு முதலில் எழுந்தார். கும்பிட்டு வாங்கிக்கொண்டு திரை ஓரமாக நடந்து மறைந்தார். அப்புறம் வரிசையாக எல்லாரும். தீர்த்தகிரி ரெண்டு தரம் வாங்கினான். கடைசியில் மங்கம்மாள் மட்டும் இருந்தாள். தட்டில் இருந்ததை எடுத்தாள், மடித்து வாயில் போட்டாள், இடது மூலையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கோபால்சாமி கிளப்பச் சொன்னார். பிலோமினாள் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவுங்களுக்குப் போறதுக்கு வூடு எது என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

செல்வநாதன் அதற்கப்புறம் மூன்று படம் எடுத்தான், மூன்றும் வீட்டுக்கு வீடு போய் வெற்றிலை வைத்துத்தான். கொட்டகைக்காரர்கள் வாணியம்பாடியிலிருந்து போளூர் வரை அவனிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள், உங்கள் ஆட்கள் நேரத்துக்கு எழுந்து போய்விடுவார்களா என்று. போய்விடுவார்கள் என்பான். கோபால்சாமி கொட்டகையில் எந்தக் கம்பெனிப் படம் ஓடினாலும் மங்கம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். ராஜா வந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள், ராஜாக்கண்ணு மாதிரி மீசை வைத்தவன் வந்தால் விட மாட்டாள். தினமும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் அவளுக்கு ரெண்டு வெற்றிலை வைக்க வேண்டும், அது கொட்டகை வேலைகளில் ஒன்று. திரையின் இடது மூலையில் சிவப்பாக ஒரு கறை இருக்கும். வெளியூர்க்காரன் ரத்தமா என்று கேட்பான். எச்சில்தான் என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழிப்பார்கள்.