கொள்ளிக்குக் கூலி இல்லை

என் தம்பி பேயாண்டிக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் அவனுக்குக் கொள்ளி வைக்க என் மகன் அழகுமலையை அழைத்துப் போனேன். கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்தது நான்தான். வழக்கப்படி செய்தேன், அதில் பிழை இல்லை. அதற்குப் பிறகு என் மகன் போட்ட கணக்கில்தான் பிழை.

பழங்காநத்தத்துக்குத் தெற்கே இருக்கும் பருத்தி அரவை மில் தம்பியின் பங்கு. பாகம் பிரித்தபோது நிலம் எனக்கு, மில் அவனுக்கு. அவன் பக்கவாதத்தில் படுத்திருந்த நான்கு வருடமும் மில்லை நடத்தியது அவனுடைய ஒரே மகள் சின்னத்தாய். வண்டிப் பருத்திக்குள் முழங்கை வரை கையை விட்டு, எடைக்காகத் தண்ணீர் தெளித்த பொதியைக் கண்டுபிடித்துவிடுவாள். திருமங்கலத்து வண்டிக்காரர்கள் அவளுக்குப் பயந்தே காயவைத்துக் கொண்டுவந்தார்கள்.

மாசியில் பருத்தி வரத்துத் தொடங்கும்போது பாய்லருக்கு முதல் தீயை முதலாளி தன் கையால் வைக்க வேண்டும். அன்று தீ வைப்பவர்தான் முதலாளி என்று வியாபாரிகள் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தம்பி இறந்த வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு மாசியில், அந்த நாள் வந்தது.

விடிந்ததும் நான் போனபோது வாசலில் நாற்பது வண்டிகள் நின்றன. பாய்லர் முன்னால் பயர்மேன் வீரணன் எண்ணெய்ப் பந்தத்தோடு நின்றான். ஒரு பக்கம் சின்னத்தாய். மறுபக்கம் புது வேட்டியில் என் மகன். அவனுக்குப் பின்னால் பங்காளிகள்.

"வீரணா, பந்தத்தை இங்கிட்டுக் குடு," என்றான் அழகுமலை.

வீரணன் என்னைப் பார்த்தான்.

பங்காளி பேச்சிமுத்து சிரித்தான். "என்னத்தா சின்னத்தாயி, பொம்பளப் பிள்ள அடுப்புப் பத்தவைக்கிற எடமா இது?"

"ஆமா சித்தப்பா, அடுப்புதான். உங்க வீட்டு அடுப்பவிடக் கொஞ்சம் பெருசு. தெனமும் எரியும்."

வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அழகுமலை சிரிக்கவில்லை. "கொள்ளி வச்சவன் நான். மில்லு யாருக்குன்னு ஊர் வழக்கத்தக் கேளுங்க."

நான் நடுவில் போய் நின்றேன்.

"சட்டியக் கையில குடுக்கையில உனக்குக் கூலி பேசுனேனாடா?"

"இல்லப்பா. ஆனா..."

"நம்ம வீட்டுல கொள்ளிக்குக் கூலி வாங்குறதில்ல. உனக்கு நெலம் இருக்கு. இது அவ அப்பன் சொத்து."

அவன் முகம் கறுத்தது. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

"அப்படின்னா உங்களுக்குக் கொள்ளி வைக்க நான் வரமாட்டேன். யோசிச்சுக்கங்க."

என் வயதில் இருக்கும் ஒருவன்மேல் ஒரு மகன் ஓங்குவதற்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது. எனக்கு அவன் ஒரே பிள்ளை. அது தெரிந்துதான் ஓங்கினான்.

நான் வீரணன் கையிலிருந்த பந்தத்தை வாங்கிச் சின்னத்தாயிடம் நீட்டினேன்.

"இதை வை ஆத்தா. என் காலம் வந்தா எனக்கும் நீயே வை."

"பொம்பள சுடுகாட்டுக்கு வாரதா?" என்றான் பேச்சிமுத்து.

"பிடிக்காதவுக வீட்டுல இருந்துக்கங்க. போறது நான்தான்."

சின்னத்தாய் என்னை ஒருமுறை பார்த்தாள். "சரி பெரியப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து தீ வைத்தாள். பத்து மணிக்கு மில் சங்கு ஊதியது. வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே நகர்ந்தன.

எட்டு வருடம் ஆகிறது. அழகுமலை என் வாசலை மிதிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.