அம்மா பெயரில் ஒரு செடி

எங்கள் அறையில் ஜன்னல் உண்டு, திறப்பதுதான் கிடையாது. திறந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் இருநூறு வருஷத்துச் செடிகளையும் தின்று தீர்த்துவிடும். வாசல் பலகையில் ஹெர்பேரியம் என்று எழுதியிருக்கிறது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கி வைக்கிற இடம், அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருஷமாக இங்கே கிடந்து என் தலைமுடி, துணிமணி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாசனை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். எனக்கும் அது வசதிதான்.

அலமாரிக்குள் செடிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ மனிதர்கள்தான் தெரிகிறார்கள். காய்ச்சலோடு சதுப்பு நிலத்தில் இறங்கித் திரும்பி வராதவர், பதினேழாவது அலமாரி. ஆயுசு முழுக்கப் புல்லே கதி என்று கிடந்தவர், நான்கு முதல் ஒன்பது வரை. ஒரு பெண்மணி அறுநூறு பாசிகளைச் சேகரித்திருக்கிறாள். சீட்டில் அவள் பெயர் இல்லை, 'டாக்டரின் மனைவி' என்று இருக்கிறது. அந்த டாக்டர் என்ன கிழித்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இருபத்திரண்டாவது அலமாரி என் அப்பா. அவர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. லென்ஸை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அலைவார். எண்பத்தெட்டு வயதில் இப்போதும் அது கழுத்தில்தான். மாத்திரையைக் கொடுத்தால் லென்ஸ் வழியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். காலையில் விழுங்கியது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் நான் ஆறு மணிக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வரும்.

"யாருக்காவது கிடைச்சுதா பாப்பா?"

ஐம்பத்தெட்டு வயதுப் பாப்பா நான்.

"இல்லப்பா."

"கிடைக்கும். இந்த மழை முடியட்டும்."

அது அம்மாவின் பெயர் கொண்ட செடி. ஒரு செடிக்கு எந்தத் தாளைப் பார்த்து முதலில் பெயர் வைத்தார்களோ, அந்தத் தாளைச் சிவப்பு உறையில் வைப்போம். உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் கடைசியில் அந்த ஒரு தாளுக்கு வந்துதான் ஆக வேண்டும். அம்மா செத்து ஏழாவது வாரம், மலையில் செடி சேகரிப்பவர் ஒருவர் அனுப்பிய கட்டிலிருந்து இதைக் கண்டுபிடித்து, அம்மா பெயரை வைத்தார் அப்பா. அதனால்தான் அவருக்குப் பேர், புகழ், பதவி எல்லாம். உயிரோடு அந்தச் செடியை அவரும் பார்த்ததில்லை, வேறு யாரும் பார்த்ததில்லை. சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் மூச்சு.

எப்படிப் பார்ப்பார்? அப்படி ஒரு செடியே கிடையாது. அதை நான்தான் செய்தேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஒட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மலையிலிருந்து வந்த கட்டு மழையில் நனைந்திருந்தது. செய்தித்தாள்களைப் பிரித்துக் காயப்போட்டு, திரும்ப அடுக்கி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். அழுதுகொண்டே ஒட்டினேன், அம்மா போன துக்கம். ஒரு காம்பிலிருந்து பூங்கொத்து தனியே விழுந்து கிடந்தது. பக்கத்தில் கிடந்த இலைக்கிளையிலிருந்து உதிர்ந்தது என்று நினைத்து, அதன் நுனியில் வைத்து, இணைப்பின் மேல் பசைத்துணிப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டேன். பூ ஆற்றோரக் கொடியொன்றின் பூ. இலை வேறெதுவோ. இந்தத் தொழிலில் பூ சொல்வதைத்தான் நம்புவார்கள், இலையை யாரும் விசாரிப்பதில்லை. அன்றைக்குப் பூதக்கண்ணாடிக்கும் கண் கலங்கித்தான் இருந்திருக்கும்.

பதினோரு வருஷம் கழித்துப் பட்டை காய்ந்து தானாக உரிந்தது. கீழே பார்த்தேன். இரண்டு காம்புகள், நடுவில் ஒரு நூல் இடைவெளி. அன்றைக்கே சொல்லியிருந்தால் அது ஒரு சின்னப் பெண்ணின் தவறு. நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்திவிட்டு, புதுப் பட்டையை வெட்டி, அதே இடத்தில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து இந்த அறையை விட்டு நகர முடியவில்லை. வேறு ஊரில் பெரிய பதவி வந்தது, வேண்டாம் என்றேன். அக்கா தன்னோடு வந்துவிடச் சொன்னாள், முடியாது என்றேன். நான் போனால் இன்னொருத்தி வருவாள், சிவப்பு உறையைத் திறப்பாள், பட்டை உரியும். தாளும் நானும் ஒரே அலமாரியில் அடைந்து கிடந்தோம். சிறைக்காவலுக்கு வந்தவள் கைதியோடு சேர்ந்து ஆயுள் தண்டனை அனுபவித்த கதைதான்.

போன திங்கட்கிழமை ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். கையில் இயக்குநரின் அனுமதிக் கடிதம், கக்கத்தில் ஊன்றுகோல். வந்ததும் வராததுமாக, "மேடம், சிவப்பு உறை நம்பர் நாப்பத்தொண்ணு," என்றாள். அம்மா பெயர் கொண்ட தாள்.

"என்ன வேணும் அதுல?"

"ஒரு அரிசி அளவு இலை, ஒரு இதழ். மரபணு பாத்துட்டா எந்த மாதிரி இடத்துல தேடணும்னு தெரிஞ்சுடும். மூணு வருஷமா கண்ணைக் கட்டி விட்ட மாதிரி தேடுறேன்."

"கால்ல என்ன?"

"போன வருஷம் பாறையிலேருந்து வழுக்கிட்டேன். உள்ள கம்பி வெச்சிருக்காங்க." சிரித்தாள். "மழை விட்டதும் மறுபடி ஏறணும். அந்தச் செடியைக் கண்ணால பாத்துட்டா போதும் மேடம், கால் வலியெல்லாம் பறந்துடும்."

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. எவளோ ஒருத்தி, இத்தனை நம்பிக்கையோடு, ஒற்றைக் காலில் வந்து நிற்கலாமா? "நாளைக்கு வாம்மா, சாவி வீட்ல இருக்கு," என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

அவள் போனதும் உறையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், மிச்சத்தைப் பூச்சி பார்த்துக்கொள்ளும். எழுந்து கொண்டி வரைக்கும் கையைக் கொண்டுபோனேன். அது எத்தனையோ வருஷமாகத் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. விரல் வலித்ததுதான் மிச்சம்.

வெளியே வந்து வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கும்போது வேலிச்செடியின் கிளை ஒன்று தோளில் உரசியது. கத்தரித்துக் கத்தரித்து ஒரு பூக்கூடப் பூக்கவிடாமல் வளர்க்கிற செடி. அந்த இலையை அப்போதுதான் பார்த்தேன், நிஜமாகப் பார்த்தேன். மலையில் குளிரில் சிறுத்தால் எப்படி இருக்கும்? நாற்பத்தொன்றாம் நம்பர் தாளில் இருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"யாருக்காவது கிடைச்சுதா பாப்பா?"

நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நனைந்த கட்டு, பூங்கொத்து, பட்டை, இரண்டாவது பட்டை. கிளையை அவர் கையில் கொடுத்தேன். லென்ஸைக் கண்ணில் வைத்தார். நரம்பைப் பார்த்தார், காம்பைப் பார்த்தார், அடிப்பக்கத்து முடியைப் பார்த்தார்.

"கேட்டு வாசல்ல நிக்கிறதா?" என்றார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடப்பாவமே! உங்கம்மா தெனமும் தண்ணி ஊத்தினாளே இதுக்கு!"

நானும் அழுதுகொண்டே சிரித்தேன். சட்டென்று அவர் முகம் மாறியது.

"ரெண்டாவது பட்டை எப்போ ஒட்டின?"

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சுப்பா."

"அதுக்கப்புறம் எத்தனை பேர் மலைக்குப் போனாங்க?"

"ஒம்பது பேர்."

"யாருக்காவது அடி கிடி பட்டுச்சா?"

கம்பி வைத்த காலைப் பற்றிச் சொன்னேன். அப்பா என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததேயில்லை. "மொதல்ல ஒட்டினது தப்பு. எனக்கும் அதுல பங்கு உண்டு. ரெண்டாவது தடவை ஒட்டினது தப்பில்ல பாப்பா, துரோகம். செடிக்குன்னு உயிரைக் கொடுக்கறவங்களுக்குப் பண்ணின துரோகம். பேனாவை எடு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். முன்னவர் சொன்னது தவறென்று தெரிந்தால் அவருடைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டிப் பெயரும் தேதியும் போட வேண்டும். தவறும் திருத்தமும் கடைசிவரை அருகருகே இருக்கும். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இத்தாளில் இரண்டு செடிகள் உள்ளன. இப்பெயருக்கு உரிய செடி உலகில் இல்லை.' கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அம்மா பெயரைத் தன் கையெழுத்தாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மாணவியின் முன்னால் பட்டையை உரித்தேன். சீட்டை ஒட்டினேன். யார் ஒட்டியது, யார் மறைத்தது என்று என் பெயரிலும் ஒரு சீட்டு. அவள் ரொம்ப நேரம் அந்த நூலிடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும். நேத்து என் காலைப் பத்திக் கேட்டப்பவே தெரியும்."

"தெரியும்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிக்கட்டில் அது தட்டுகிற சத்தம் கீழ்வாசல் வரை கேட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. கெட்டதோ நல்லதோ, முடிந்தது, இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்குக்கூடப் போன் பண்ணலாம். ஆறு மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"யாருக்காவது கிடைச்சுதா பாப்பா?"

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் நேற்றைய கோபம் துளியும் இல்லை. முந்தாநாள் இருந்த அதே ஆசை. நேற்றைக்கு ஒடித்த கிளை பக்கத்து மேஜையில் வாடிக் கிடந்தது, அது அங்கே ஏன் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

இல்லப்பா என்ற ஒரே சொல் போதும். முப்பத்தொன்பது வருஷமாகப் பழகின சொல், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் சாப்பிடுவார், நிம்மதியாகத் தூங்குவார்.

திரும்ப வெளியே போய் வேலியிலிருந்து புதிதாக ஒரு கிளையை ஒடித்து வந்தேன். நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டேன்.

"அப்பா, எனக்குப் பத்தொம்பது வயசுல ஒரு கட்டு நனைஞ்சு வந்துதே..." என்று ஆரம்பித்தேன். அவர் லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.