ஒன்பதாம் அறையின் கலையாத படுக்கை

வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு அந்த விடுதியைத் திறந்துவிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. மாடி அறைகளைக் கூட்டித் துடைக்கும் அவளுக்கு ஒன்பதாம் அறையை நினைத்தாலே மண்டை குடைந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் இருக்கிற அறை. ஆனால் கட்டிலில் ஒரு சுருக்கம் கிடையாது. குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு முடி அகப்படவில்லை. விரிப்பின் ஓரம்கூட அவள் மடிக்கிற மாதிரியே மடிந்திருந்தது. பேய்க் குடும்பமோ என்றுகூட நினைத்தாள். பேய்க்கு எதற்கு நிவாரணப் பொட்டலம்?

மேலாளருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது.

"ஒன்பதாம் நம்பர் அறையை அவங்களே துடைச்சுக்கிறாங்களே, மாடிக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஒரு ஆள் போதும். இப்படியே இருந்தா திங்கக்கிழமையிலிருந்து நீ வர வேணாம்மா" என்றார்.

அதற்காக அவளுக்கு ஆர்வம் குறைந்துவிடுமா என்ன? மறுநாள் காலை ஆறு மணிக்கே துண்டு கொடுக்கிற சாக்கில் போய் நின்றாள். கதவு ஒருக்களித்திருந்தது. தகப்பனும் பிள்ளைகளும் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தார்கள். தாய்க்காரி முட்டி போட்டு, கிழிந்த சட்டையால் சன்னல் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? கட்டில் எதுக்கு இருக்கு?"

"படுத்தா கலைஞ்சிடுமே. நீ மடிக்கிறதைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன்." தாய்க்காரி கையை நிறுத்தவில்லை. "எங்க வீட்ல இடுப்பளவு சேறு, தங்கச்சி. கை சும்மா இருந்தா அழுகையா வருது."

இவளுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"நீங்க இப்படித் துடைச்சா என் வேலை போயிடும்க்கா."

தாய்க்காரி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளை உலுக்கி எழுப்பினாள்.

"எந்திரிங்கடா. கட்டில்ல ஏறிக் குதிங்க!"

பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு நிறுத்தவில்லை. பத்து மணிக்கு எட்டிப்பார்த்த மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு போனவர்தான், அதன்பின் ஆள் குறைக்கிற பேச்சையே எடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் தண்ணீர் வடிந்தது. தன் விடுமுறை நாளில் அவள் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். தாய்க்காரி வாசலில் துடைப்பத்தோடு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

இவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"நகருங்கக்கா. இதுக்கு ஒரு ஆள் போதாது."