பஹிய்யாவை மூழ்கடித்த காலை

"எவ்வளவு நேரம் பிடிக்கும், உஸ்தா?"

"பத்து நிமிஷம், ரைஸ். அடிவால்வைத் திறந்துவிட்டாப் போதும். பத்தே நிமிஷத்துல கடலடித் தரையில போய் உக்காந்துருவா."

கேப்டன் பதாவியிடம் சொல்லிவிட்டு எஞ்சின் மேஸ்திரி ஷெஹாத்தா இயந்திர அறைக்குள் இறங்கினான். ஏணியைப் பிடித்த கை வழுக்கியது. எண்ணெய் இல்லை, வியர்வை. சொன்னது பொய் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

போர்ட் சயீத் துறைமுகத்தில் எத்தனையோ வருடமாகப் பெரிய கப்பல்களை இழுத்து வந்த இழுவைக் கப்பல் பஹிய்யாவுக்கு அன்று காலை ஒரே ஒரு வேலைதான் மிச்சம். எதிரி நுழையாதபடி துறைமுக வாசலில் முந்தாநாள் இரண்டு கப்பல்களைக் குறுக்கே மூழ்கடித்திருந்தார்கள். அவசரத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரு கப்பல் தாராளமாக நுழையலாம். அங்கேதான் பஹிய்யா போய்ப் படுக்க வேண்டும்.

நேற்று பாராசூட்டில் குதித்தவர்கள் விமானத் தளத்தைப் பிடித்தாயிற்று. இன்று விடிந்தபோது கடலின் விளிம்பு முழுக்க, சூயஸ் கால்வாயைப் பிடிக்க வந்த ஆங்கிலேயரின் கப்பல்களும் பிரெஞ்சுக்காரரின் கப்பல்களும் வரிசையாக நின்றன. குண்டுகள் தலைக்கு மேலே போய்க் கடற்கரை வீடுகளில் விழுந்துகொண்டிருந்தன.

"முழங்கால் தண்ணியில இறங்கி நடந்து வர்றவனைச் சுடலாம்," என்று கடற்படை லெப்டினன்ட் ஃபிக்ரி சொல்லியிருந்தார். "கப்பலோட உள்ள வந்து துறைமுக மேடையில டாங்கியை இறக்கிட்டான்னா, மத்தியானத்துக்குள்ள ஊர் போச்சு. எங்கிட்ட வெடிமருந்து இல்ல. உங்க வால்வுதான் இருக்கு."

ஆனால் அந்த வால்வு?

நான்கு வருடத்துக்கு முன் அது கசிய ஆரம்பித்தது. முறைப்படி மேலிடத்தில் சொன்னால் பஹிய்யாவைக் கரையேற்றிப் பார்ப்பார்கள். அடித்தகடு இற்றுப்போனது தெரியும். உடைக்க அனுப்பிவிடுவார்கள். ஷெஹாத்தா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குப் போன நேரம் வால்வைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து, சிமென்ட் குழைத்து ஊற்றினான். மேலே தேநீர் அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டான். சோதிக்க வந்த அதிகாரிகள் அந்த அடுப்பில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

நேற்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். சுத்தியலால் நாலு போடு போட்டால் பெயர்ந்துவிடும், எதற்கு அவமானம் என்று நினைத்தான்.

இப்போது நாற்பது போடு போட்டாயிற்று. கைப்பிடியளவு தூள்தான் உதிர்ந்தது. அவ்வளவு நல்ல கலவை.

பேசுகுழாயில் ரைஸ் பதாவியின் குரல் வந்தது. "உஸ்தா, என்ன சத்தம் அது?"

"குண்டு, ரைஸ்."

"குண்டு மேல விழுது. இது கீழேருந்து வருதே?"

ஷெஹாத்தா இன்னும் மூன்று போடு போட்டான். நாலாவது ஓங்கும்போது பின்னால் ஏணியில் கனத்த காலடி. சுக்கானை மாலுமியிடம் கொடுத்துவிட்டு ரைஸே இறங்கி வந்திருந்தார். கவிழ்ந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். சிமென்டைப் பார்த்தார்.

"இது என்ன, கல்லறையா?"

"வால்வு, ரைஸ்."

"எங்க?"

"உள்ள."

பதாவி சிமென்டைக் காலால் ஓர் உதை உதைத்தார். மேலே துறைமுக வாசலுக்கு வந்துவிட்டோம் என்று மாலுமி கத்துவது கேட்டது. கூடவே, பக்கத்தில் மோட்டார் படகில் நின்ற ஃபிக்ரியின் குரலும்: "ஏன் இன்னும் முங்கல? அவங்க முதல் கப்பல் கிளம்பிருச்சு, ரைஸ்!"

பதாவி ஏணியேறித் தலையை வெளியே நீட்டினார். "பொண்ணு வெக்கப்படுறா சார்! ரெண்டு நிமிஷம் குடுங்க!" மறுபடி உள்ளே திரும்பியபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. "உன்னை அப்புறம் கொல்றேன். இவளுக்கு வேற எங்க ஓட்டை இருக்கு, அதைச் சொல்லு."

"கடல்தண்ணி உறிஞ்சற குழாய் இருக்கு. எஞ்சினைக் குளிர வைக்கறது. அதோட மூடியைக் கழட்டினா உள்ள கொட்டும். ஆனா முதல்ல எஞ்சினை நிறுத்தணும், நீராவியை வெளியேத்தணும். இல்லேன்னா கொதிகலன் நம்ம ரெண்டு பேரையும் வேக வச்சிரும்."

"நிறுத்து."

"நிறுத்தினா நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருமே? இடைவெளியை விட்டுட்டு ஓரமா போய் முங்குவா. அதுக்கு முங்காமலே இருக்கலாம்."

பதாவி மூக்கைத் தேய்த்தார். எத்தனை கப்பலை இழுத்தவர். "முன்னால நங்கூரம் போடறேன். பின்னால நம்ம இழுவைக் கயிறு இருக்கில்ல? அந்த முங்கின கப்பலோட பாய்மரம் வெளிய நீட்டிட்டு நிக்குது. அதுல கட்டுவோம்."

"யாரு கொண்டு போய்க் கட்டுறது?"

"வெள்ளை உடுப்பு போட்டுட்டு ஒருத்தர் சும்மாதானே நின்னுட்டிருக்காரு?"

ரைஸ் மேலே ஏறியதும் ஷெஹாத்தா இயந்திரத்தை நிறுத்தினான். நீராவியைத் திறந்துவிட்டதும் பஹிய்யா அலறினாள். அந்த அலறலில் குண்டுச் சத்தம்கூட அமுங்கிப்போனது. மேலே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. நங்கூரச் சங்கிலி ஓடுவது மட்டும் காலுக்குக் கீழே அதிர்ந்தது.

மூடியில் எட்டு மரை. ஆறு சுலபமாகக் கழன்றன. ஏழாவதை அவிழ்க்கும்போதே ஓரத்தில் நீர் பீய்ச்சி அவன் மார்பில் அறைந்தது. நவம்பர் கடல், ஜில்லென்று. எட்டாவது அசையவில்லை. நீரோட்டம் பிடித்து இழுப்பதைத் தரையின் சாய்விலேயே உணர்ந்தான். பின்பக்கம் நகர்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கிறது.

"ரைஸ்! கட்டியாச்சா?"

"கட்டுறாங்க! நீ திறக்காதே! இன்னும் திறக்காதே!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. திறக்காமலே வந்துவிட்டது. ஷெஹாத்தா ஸ்பேனரை மரையில் மாட்டி, காலால் மிதித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் முந்தினால் பஹிய்யா ஓரத்தில் கிடப்பாள். கொஞ்சம் பிந்தினால் எதிரிக் கப்பல் இவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு சட்டி சிமென்டுக்காக ஓர் ஊரே போய்விடும். உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது, பிரார்த்தனையா வசவா என்று அவனுக்கே தெரியவில்லை.

திடீரென்று கப்பல் முழுக்க ஓர் உலுக்கு. சாய்வு நின்றது. கயிறு பிடித்துவிட்டது.

"திற!"

ஓங்கி மிதித்தான். மரை தெறித்தது. மூடி எங்கே போனதென்று அவன் பார்க்கவில்லை. வந்த தண்ணீர் அவனைத் தூக்கி ஏணி மேலேயே போட்டது. இடுப்பளவு, கழுத்தளவு. மேலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தது.

அவன் மோட்டார் படகில் போய் விழுந்தபோது, லெப்டினன்ட் ஃபிக்ரி தலை முதல் கால் வரை கறுப்பாக இருந்தார். கயிற்றின் பழைய எண்ணெயெல்லாம் அவர் மேல்தான்.

"எங்கம்மா பாத்தா அடையாளம் தெரியாது," என்றார்.

பஹிய்யா முதலில் ஒரு பக்கம் சாய்ந்தாள். கயிறு கட்டிய பாய்மரம் வளைந்தது. முறிந்துவிடும் என்று ஷெஹாத்தா கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மேல்தளம் நீருக்குள் போயிருந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு மாதிரி காற்றும் கரியும் கிளம்பின. புகைபோக்கி மட்டும் இடைவெளியின் நட்ட நடுவே நிமிர்ந்து நின்றது.

அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் எதிரியின் சாம்பல் நிறக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் முன்பக்கத்தில் மனிதர்கள் நிற்பது தெரிந்தது. ஷெஹாத்தா கண்ணில் உப்புநீர். துடைக்கத் துடைக்க மங்கியது.

"வருதா ரைஸ்?"

"வருது."

"இன்னும் வருதா?"

"பேசாம இரு."

படகோட்டி மோட்டாரை அணைத்தான். குண்டுச் சத்தம் ஒரு கணம் ஓய்ந்தது. தண்ணீரின் மேல் தூரத்திலிருந்து கடகடவென்று ஓர் ஓசை வந்தது. கடலில் பிழைப்பவன் காதுக்கு அது வேறெதுவாகவும் கேட்காது.

"சங்கிலி," என்றான் ஷெஹாத்தா. "நங்கூரம் போடறான். வெளியவே நங்கூரம் போடறான்!"

பதாவி அவன் பிடரியில் பளாரென்று ஒன்று வைத்தார். பிறகு அதே கையால் அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம், ஊர் மக்கள் குளிக்கும் கடற்கரையை நோக்கிச் சிறிய படகுகள் வரிசை கட்டிப் புறப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றிலும் தலைக்கவசங்கள்.

"நடந்து வரட்டும்," என்றார் ஃபிக்ரி. படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து துப்பாக்கிகளை வெளியே இழுத்தார்.