ஐம்பத்திரண்டு நிமிடக் கணக்கு

தையல்காரம்மா இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. விமானம் நின்ற இடத்தைவிட்டு மெல்ல அசைந்தது.

பள்ளிச் சீருடை தைத்தே மகளைப் படிக்கவைத்தவர் அவர். அந்த மகள் இன்று இதே நிறுவனத்தில் விமானங்களுக்குக் கால அட்டவணை போடுகிறாள். இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தொடங்கவிருக்கும் இந்தப் புதிய சேவைக்கு அவள் குறித்த நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். மேலாளரோ நாற்பத்தைந்து போதும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்றைய சோதனைப் பயணம் நாற்பத்தைந்தில் முடிந்தால், அவள் அட்டவணைப் பிரிவைவிட்டுப் பழையபடி டிக்கெட் கவுண்டருக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியும்விட்டார்.

பணியாளர் குடும்பங்களுக்கு ஒதுக்கிய இருக்கைகளில் ஒன்று அம்மாவுக்குக் கிடைத்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவர் சாட்சாத் அந்த மேலாளர்தான். இவர் யாரென்று அவருக்குத் தெரியாது.

“முதல் தடவையாம்மா? பயப்படாதீங்க. நூத்தி எண்பத்தேழு கிலோமீட்டர்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடலாம்.”

“அது நேர்க்கோட்டுல அளந்ததா சார்?”

“வானத்துல என்னம்மா வளைவு? ரோடா போட்டு வெச்சிருக்கு?”

நேற்று இஸ்திரி மேசைமேல் நூல்கண்டைக் குன்றாகவும் அளவுகோலை ஓடுபாதையாகவும் வைத்து மகள் காட்டியது அம்மாவின் கண்முன் நின்றது. போய் இறங்கும் ஓடுபாதையில், விமானம் வரும் பக்கத்து முனையில் குன்று. ஆகவே விமானம் அதைச் சுற்றிப் போய் மறுமுனை வழியாகத்தான் இறங்க வேண்டும். கட்டடமும் அந்த மறுமுனையில்தான். இறங்கி ஓடியபின் அதே பாதையில் திரும்பி ஊர்ந்து வர வேண்டும்.

“தையலுக்கு விடற துணி மாதிரிதானேடி? அதை விடாம வெட்டினா சட்டைக்குப் பொத்தான் எட்டாது” என்று அம்மா அப்போது சொன்னார்.

பாதி வழியில் விமானியின் குரல் கேட்டது. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சற்று முன்னதாகவே போய்ச் சேரலாமாம். அம்மா மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் சொல்லல?” என்றார் மேலாளர்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு ஜன்னலில் குன்று தெரிந்தது. விமானம் ஒருபக்கம் சாய்ந்து அதைச் சுற்றத் தொடங்கியது.

“என்ன இந்த ஆளு, ஊரைச் சுத்திக் காட்டறாரு?” என்று மேலாளர் நெளிந்தார். சக்கரங்கள் தரையைத் தொட்டபோது ஒன்பது ஐம்பத்தாறு. “நாற்பத்தாறு! ஒரு நிமிஷத்துல என்ன குடிமுழுகிடும்?”

“வண்டி இன்னும் நிக்கல சார். நின்னாத்தான் கணக்கு.”

மேலாளர் முதன்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். விமானம் பாதையின் கோடிவரை போய், திரும்பி, ஆடி அசைந்து வந்து நின்றபோது பத்து ஒன்று.

“ஐம்பத்தொண்ணு” என்றார் மேலாளர் சுரத்தின்றி. “உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?”

“அந்த ஐம்பத்திரண்டைப் போட்டது என் பொண்ணு சார்.”

நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“அவங்க சொன்னபடியே அட்டவணையை அச்சுக்குக் கொடுத்துடறேன்மா.”

படியிறங்கியதும் அம்மா மகளைப் போனில் அழைத்தார்.

“எவ்வளவும்மா?”

“ஐம்பத்தொண்ணு.”

“ஒரு நிமிஷம் எங்கம்மா போச்சு?”

“காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சுடி. அதை விடு. நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்காத.”